தண்ணீர் கொடுக்காத வீடு

அக்கா,

மருக்கொழுந்து வாசனை வந்தால் இன்றைக்கும் என் கை தானாகவே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நேற்று மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன். பூச்சந்தையிலிருந்து ஒரு பெண் ஈரச் சாக்குப் பொதியோடு ஏறி என் பக்கத்தில் வந்து நின்றாள். பொதியிலிருந்து அந்த வாசனை வந்ததுமே நான் பையின் ஜிப்பைத் தடவிப் பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள். "ஒங்க பைய யாரும் தூக்கிட்டுப் போயிற மாட்டாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு நான் வந்த முதல் நாள், நீங்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னீர்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆரப்பாளையத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கசாயம் குடித்துச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று வாயார மெச்சுகிறவர்களின் விரலைக் குத்தி, இறங்கவில்லை என்று காட்டுவது என் பிழைப்பு. குழாயில் அடைத்து முத்திரை குத்தாத எதையும் நான் நம்பியதில்லை. அப்படிப்பட்டவளின் மகள் பவித்ரா, பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு போட்டோவுல கொஞ்சம் வெளுப்பா தெரிஞ்சுச்சே" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதிலிருந்து, எனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ ஒரு க்ரீம் வாங்கிப் பூசிக்கொண்டிருந்தாள். முதலில் முகம் பளபளத்தது. பிறகு சிவந்து, தோல் உரிந்து, கன்னத்தில் ரோமம் முளைத்து, முன்னைவிடக் கறுத்துத் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. தோல் மருத்துவர் க்ரீமை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் எரிச்சல் தாங்காமல் ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கிடந்தாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்தாள்.

அப்படிக் கிடந்தவள் ஒருநாள் குளித்து, தலை சீவி, "வெளிய போயிட்டு வாரேம்மா" என்றாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனாள். எங்கே என்று கேட்டால் திருமங்கலம் என்பாள். யாரைப் பார்க்க என்றால் ஒரு ஓவியரை என்பாள். இன்ஸ்டாகிராமில் பார்த்தாளாம். மகள் சிரிக்கத் தொடங்கியதில் எனக்கு வந்தது சந்தோஷமில்லை, அக்கா. இவளை யார் சிரிக்க வைக்கிறார்கள், பதிலுக்கு எதைக் கேட்கப்போகிறார்கள் என்றுதான் யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை அவள் ஏறிய பேருந்திலேயே முன்வாசல் வழியாக நானும் ஏறினேன். திருமங்கலத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கண்மாய்க்கரையில் இறங்கி அவள் பின்னாலேயே நடந்தேன். சுற்றுச்சுவர் எழுப்பிய ஓட்டு வீடு. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வீட்டைவிடச் செடிகள்தான் அதிகம். துளசியும் செம்பருத்தியும் இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இருந்ததோ எருக்கு, ஊமத்தை, அவுரி, நொச்சி, தும்பை. ஒரு மூலையில் எண்ணெய் ஊறிக் கறுத்த கல். அதன் தலையில் ஒரு பிடி மருக்கொழுந்து. சுவரெங்கும் தொங்கிய காடாத் துணிகளில் ஆளுயரத்துக்கும் மேலான கன்னங்கரிய பெண்கள். சிலதில் இரண்டு பெண்கள், ஒருத்தி தோளில் மற்றவள் தலை.

நீங்கள் அம்மி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நல்ல கறுப்பு. காதோரம் மருக்கொழுந்து. கரிசலாங்கண்ணியை அரைத்து, அந்தப் பச்சைச் சாற்றை என் மகளின் முன்னங்கையில் ஒரு கோடாக இழுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"பாத்துக்கிட்டே இரு" என்றீர்கள் அவளிடம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கோடு மெல்ல மெல்லக் கறுத்தது. நான் உள்ளே பாய்ந்தேன்.

"என்னத்தக் கலந்தீங்க அதுல?"

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். பவித்ரா "அம்மா!" என்று எழுந்துவிட்டாள். நீங்கள் பதறவில்லை.

"காத்து" என்றீர்கள். "காத்துப் பட்டா இது கறுத்துரும். வேற ஒண்ணும் கலக்கல. உக்காருங்க. பைய அம்புட்டு இறுக்காதீங்க, இங்கன யாரும் புடுங்க மாட்டாங்க."

உட்கார்ந்தேன். வெயிலில் நடந்து வந்தவளுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. மதுரைப் பக்கம் பகையாளி வீட்டுக்குப் போனாலும் ஒரு சொம்புத் தண்ணீர் வந்துவிடும். உங்கள் வீட்டில் வரவில்லை. குடத்தைக் கண்ணால் பார்க்கிறேன், நீங்களும் நான் பார்ப்பதைப் பார்க்கிறீர்கள், எழுந்திருக்கவில்லை. "தெருவுல அடிபம்பு இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். தண்ணீர் தராத வீட்டில் எதுவோ சரியில்லை என்று அப்போதே முடிவு கட்டினேன்.

சேதி எங்கள் நாத்தனாரின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அவர் கட்டிக்கொண்டு போன ஊர் உங்கள் கண்மாய்க்கு அக்கரையில்தானே இருக்கிறது. மறுநாளே வந்து நின்றார்.

"சாந்தி, ஒம் மகளுக்கு அவ மருந்து வச்சிருக்கா. அவ கல்யாணங் காச்சி இல்லாதவ. பொம்பளப் புள்ளைகளா வரவச்சுப் படுக்கவச்சுப் படம் வரையுறாளாம். கறுப்புச் சாமிய வீட்டுக்குள்ளயே வச்சிருக்கா. சோத்துல வச்சாளோ, தண்ணியில வச்சாளோ. மருந்து எடுக்குற ஆளு எனக்குத் தெரியும். வயித்துல குழல வச்சு உறிஞ்சி எடுத்துருவாரு."

"மதினி, அப்படி ஒரு மருந்தே கிடையாது" என்றேன். சொன்னேனே தவிர, ஊமத்தை உண்மை. அதன் விதை ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நாத்தனாருக்கு வசியத்தின் மேல் சந்தேகம், எனக்கு விஷத்தின் மேல். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சந்தேகப்பட்டோம்.

மறுநாள் பவித்ராவைப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தேன். ஒரு குறையும் இல்லை. அதிலும் எனக்குத் திருப்தி வரவில்லை. அடுத்த வாரம் மகளோடு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, நீங்கள் உள்ளே போன நேரம் பார்த்து, செடிக்கு ஒரு இலையாகக் கிள்ளிப் பைக்குள் போட்டேன். வெளியே வந்த நீங்கள் பழைய செய்தித்தாளை என் மடியில் வைத்தீர்கள்.

"பைக்குள்ள போட்டா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். தனித்தனியா மடிச்சு எடுத்துட்டுப் போ. ஊமத்தைய கிள்ளுன கையால கண்ணத் தொட்றாத, சாந்தி."

முதல் முறையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். கோபப்படாத ஆளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். "படுக்கவச்சு என்ன வரையுறீங்க? நான் பாக்கணும்" என்றேன். "அப்ப நீயே படு" என்றீர்கள்.

சேலையைச் சரியாக இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் விரித்த காடாத் துணியில் படுத்தேன். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தேன். நீங்கள் என்னைத் தொடவே இல்லை. கரித்துண்டால் என்னைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டே போனீர்கள். இடுப்போரம் ஏறி, பையைச் சுற்றி, தலையைச் சுற்றி, மறுபக்கம் இறங்கியது கரி. கண்ணை மூடினால் ஏதாவது செய்துவிடுவீர்களோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பிறகு அந்தக் கோட்டுக்குள் கரிசலாங்கண்ணிச் சாற்றையும் விளக்குப் புகைக்கரியையும் நாங்கள் மூவருமாக வாரக்கணக்கில் பூசினோம். ஒரு பூச்சு காய்ந்த பிறகு மறு பூச்சு.

அப்படிப் பூசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று சொன்னீர்கள். வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தீர்கள். அங்கே ஆப்பிரிக்க வம்சத்துப் பெண் ஒருத்தி, அவளும் ஓவியர், செடிகளை அரைத்து வண்ணம் எடுப்பவள், இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்துபவள். தன் நிறத்தைத் தன் முன்னோர்கள் கும்பிட்ட தெய்வங்களின் நிறம் என்றவள். நீங்கள் வெளுத்த நிறத்தில் வரைந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் கறுப்பாக ஒரு சாமிகூட இல்லையா?" என்று கேட்டாளாம்.

"எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, சாந்தி. நம்ம ஊர் எல்லையெல்லாம் அருவாளோட நிக்கிறது யாரு? சாமி கறுப்பா இருந்தா காவல். பொண்ணு கறுப்பா இருந்தா பாரம். அவங்க பட்டதும் நாம பட்டதும் ஒண்ணு இல்ல. ஆனா அவ கேட்ட கேள்வி என்னையத் தூங்கவிடல."

திரும்பி வந்து அந்தக் கல்லை நட்டு, கருப்பாயி என்று பேர் வைத்தீர்கள். மந்திரம் இல்லை, குறி சொல்வதில்லை. வருகிறவள் தன் உருவத்தைத் தானே கறுப்பாக நிறைக்க வேண்டும். நிறைந்ததும் அந்தத் துணியைக் கருப்பாயிக்குப் பின்னால் தொங்கவிடுவீர்கள். அவள் எதிரே வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் உங்கள் வைத்தியம். பவித்ரா தன் துணிக்கு முன்னால் நின்ற அன்று நெடுநேரம் அழுதாள். என் துணியைத் தொங்கவிட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. கையில் பையோடு ஒரு கரிய அம்மன் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். "இவ யாரையும் நம்ப மாட்டா போல" என்றேன். "காவல் தெய்வம்னா அப்படித்தான் இருக்கணும்" என்றீர்கள்.

அன்றும் எனக்குத் தண்ணீர் தரவில்லை. நான் கேட்டே விட்டேன்.

"இம்புட்டு நாளா வாரேன். ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல. ஏன்க்கா?"

அம்மியைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள். தேனிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஓவிய ஆசிரியை. ஜெயந்தி கணக்கு ஆசிரியை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "எனக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்கும், சாந்தி. அவளுக்கு என்னையப் புடிச்சுச்சு. மறைக்கத் தெரியல எங்களுக்கு." ஜெயந்தி கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்றதும் அவள் வீட்டார் வந்தார்கள். இவள்தான் சோற்றில் மருந்து வைத்து வசியம் பண்ணிவிட்டாள் என்று உங்கள் சட்டி பானையை நடுத்தெருவில் போட்டு உடைத்தார்கள். ஜெயந்தியை மருந்து எடுக்கிறவரிடம் கொண்டுபோனார்கள். அவர் அவள் வயிற்றிலிருந்து ஏதோ ஒரு கறுப்புக் கட்டியை உறிஞ்சித் துப்பிக் காட்டினாராம். அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் நடந்தது.

"அதுலருந்து எங் கையால யாருக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல" என்றீர்கள். "எங்கிட்ட வர்ற புள்ளைகளுக்கு நாளைக்கு எது நடந்தாலும், அவ ஒண்ணும் குடுக்கலன்னு எல்லாருக்கும் தெரியணும்."

எத்தனையோ பேர் எத்தனையோ கதை சொல்லி என்னிடம் ரிப்போர்ட்டை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கதையை நம்புகிறவள் இல்லை நான். ஆனால் நீங்கள் சொல்லி முடிக்கும்போது அம்மி எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. நீங்கள் இன்னும் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அதை நம்பினேன்.

பிறகு நான் வந்தது சோதிக்க இல்லை. ஞாயிறுகளில் பவித்ராவோடு வருவேன், அடிபம்பில் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வருவேன். அப்படி வந்த ஒருநாள் உங்கள் முழங்கைக்கு மேலே கன்றிப்போன அடையாளங்களைப் பார்த்தேன். யாரோ அடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "யாரு வந்தா? எங்க நாத்தனார் ஆளு அனுப்புனாங்களா?" என்று துருவினேன். "செடியில இடிச்சிருப்பேன்" என்றீர்கள். எருக்கஞ்செடி இடித்தால் அப்படிக் கன்றுமா? கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. உங்களைக் கையோடு ஆரப்பாளையத்துக்குக் கூட்டி வந்தேன்.

கண்ணாடித் தகட்டில் உங்கள் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதிராத வெள்ளையணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தன. முதலில் சாயத்தைச் சந்தேகப்பட்டேன். புதிதாகச் சாயம் கலந்தேன். தகட்டைச் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். கடைசியில் என் கண்ணைச் சந்தேகப்பட்டு டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் நிமிர்ந்தபோது முகத்திலேயே தெரிந்துவிட்டது. ஆயுள் முழுக்க எத்தனையோ சந்தேகப்பட்டிருக்கிறேன். அது ஒன்றாவது பொய்யாகப் போயிருக்கக் கூடாதா!

ரத்தப் புற்றுநோய் என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். கரிசலாங்கண்ணியில் சரியாகிவிடும் என்று நீங்கள் அடம்பிடிப்பீர்கள் என்று பயந்திருந்தேன். "மனசுக்குத்தான் செடி. ரத்தத்துக்கு டாக்டரு" என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டீர்கள். முடி கொட்டியது. தலை வழவழவென்று கருப்பாயிக் கல் மாதிரி ஆனது. வீட்டிலிருந்து ரசஞ்சோறு பிசைந்து எடுத்து வருவேன். கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால், "மருந்து வச்சிருக்கியா?" என்பீர்கள். "ரெண்டு ஸ்பூன் வச்சிருக்கேன், முழுங்குங்க" என்பேன்.

ஒரு மத்தியானம் நான் வந்தபோது உங்கள் கட்டிலருகே ஒரு அம்மாள் நின்றிருந்தார். நல்ல பட்டுச்சேலை, தடித்த தாலிக்கொடி, நரைத்த முடி. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அந்த வாரம்தான் உங்கள் தம்பி சென்னையிலிருந்து தொலைபேசியில் வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டிருந்தார். அவர் அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

"யாரு வேணும்?"

"இவங்களத்தான் பாக்க வந்தேன்."

"சொந்தமா?"

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்படித்தான் நெனச்சிருந்தேன்" என்றார்.

"பத்திரம் கித்திரம்னா இங்க பேசக் கூடாது. ஆளு தூங்குது, பிறகு வாங்க" என்று நான் குரலை உயர்த்தியதில் நீங்கள் விழித்துக்கொண்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் வந்திருப்பது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் பேர்கூடச் சொல்லவில்லை. பவித்ராதான் ஃபேஸ்புக்கில் தேடிப்பிடித்து வரவழைத்திருக்கிறாள் என்று பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஜெயந்தி உங்கள் தலையைத் தடவினார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றும் கேட்கவில்லை. "வெயில்ல வந்தேன். தண்ணி குடு" என்றார்.

நான் பாட்டிலை எடுக்கப் போனேன். ஜெயந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க இல்லம்மா. அவ குடுக்கட்டும்."

நீங்கள் ஊசி குத்திய கையால் பாட்டிலை எடுத்தீர்கள். மூடியைத் திறக்க உங்களுக்குத் தெம்பில்லை. ஆனாலும் நாங்கள் யாரும் உதவவில்லை. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றும்போது பாதி போர்வையில் கொட்டியது. மீதியை நீட்டினீர்கள். ஜெயந்தி அதை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், வார்டு முழுக்கப் பார்க்க, நின்றபடியே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "இன்னும்" என்றார்.

நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். அங்கே யார் அழுதாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மழைக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். தத்தனேரி மயானத்தில் உங்கள் தம்பி காரியத்தை முடித்தார். வீட்டை விற்றார். துணிகளை "இத எங்க வைக்கிறது" என்று ஒதுக்கினார், பவித்ரா அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். இடத்தை வாங்கியவர் ஜேசிபியை விட்டுச் செடிகளை எல்லாம் வேரோடு வாரிவிட்டார். கருப்பாயியை மட்டும் தொடவில்லை. பயம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாராம்.

நீங்கள் செய்தது வைத்தியம்தானா என்று கேட்டால், இன்றும் என்னால் கையெழுத்துப் போட முடியாது, அக்கா. பவித்ராவின் கன்னத்துத் திட்டுகள் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவள் இப்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முகத்தில் வெயில் படவிடுகிறாள். மாடியில் தொட்டிகளில் கரிசலாங்கண்ணி வளர்க்கிறாள். பெண்கள் வருகிறார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருத்தியையும் எந்த ஊர், யார் மகள், வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டுத்தான் மேலே விடுகிறேன்.

ரேவதி என்று ஒருத்தி. பிசியோதெரபிஸ்ட்டாம். முதலில் வரைய வந்தாள், இப்போது எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள். போன மாதம் பவித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கு ரேவதிதான்" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணை விடாமல் கவனிக்கிறேன். போனை ஏன் கவிழ்த்து வைக்கிறாள்? சோற்றை ஏன் மிச்சம் வைக்கிறாள்? சம்பளம் எல்லாம் எங்கே போகிறது? என் மகளை உண்மையாகவே பிடித்துத்தான் வருகிறாளா, நாலு நாள் பழகிவிட்டு வீட்டில் பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிவிடுவாளா?

நேற்று நான் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, இத்தனை நாளும் ஆன்ட்டி என்று கூப்பிட்டவள், "வாரேன் அத்தை" என்றாள்.

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன்.

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம, அத்தை. காலையிலேயே."

காலையிலேயே வருவாள் என்பதை நான் நம்பவில்லை. மீன்காரரிடம் மட்டும் ஒரு கிலோ கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.